முருங்கை மரத்துச் சிவப்பி

ஜனவரி 12
அடைகாத்த என் கோழி கருப்பி இன்று பொரித்துவிட்டாள், வைத்த ஒன்பது வாத்து முட்டையில் ஏழு. சொந்த முட்டையாக இருந்தால் 21 நாளில் எழுந்திருப்பாள், வாத்துக்கு 28 நாள், கூடுதல் ஒரு வாரம் பாவம் அப்படியே கிடந்தாள். குஞ்சுகளை இப்போதைக்குத் தொட்டியில் விடக்கூடாது. தாய் வாத்தோடு இருந்தால் அதன் இறகிலிருக்கும் எண்ணெய்ப்பசை குஞ்சு மேலும் படும், கோழியிடம் அது ஏது, நனைந்தால் விறைத்துப்போகும். தட்டில் கூழாங்கல் போட்டு, அலகு முங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர்.

ஜனவரி 29
பக்கத்து வீட்டில் மூன்று கோழி போய்விட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருக்கிறது, வெள்ளைக்கழிச்சல்தான், கோழிக்கழிச்சல் என்பதும் இதையே. நான் நவம்பரிலேயே இறக்கையில் தடுப்பூசி போட்டாச்சு. ஒரு குப்பி 100 கோழிக்கு வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு தெருவையே கூப்பிட்டேன், வந்தது இரண்டு வீடு. என் கோழிகளில் சிவப்பி மட்டும் விட்டுப்போனாள். பஞ்சாரக் கூடையில் அடையாமல் முருங்கை உச்சியில் தூங்குகிறவள். ஒன்றுதானே என்று விட்டேன்.

பிப்ரவரி 1
சிவப்பி இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். கிட்டே போனாலும் ஓடவில்லை, அப்போதே வயிற்றைக் கலக்கியது. தலைகீழாகத் தூக்கியதும் அலகு வழியே புளித்த தண்ணீர் கொட்டியது. தனிக்கூண்டில் போட்டு, கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டினேன். இது வைரஸ், வந்தபின் மருந்து கிடையாது என்று கால்நடை டாக்டர் சொன்னது தெரியும்தான், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அத்தை, “கழுத்து சாயறதுக்குள்ள அறுத்துடு தம்பி” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 3
கழுத்து திருகிவிட்டது. குருணையைப் பார்த்துத்தான் கொத்துகிறாள், அலகு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் விழுகிறது. மறுபடி கொத்துகிறாள், மறுபடி தரை. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன், பாதி இறங்கியது.

பிப்ரவரி 5
விடியலில் போய்விட்டாள். வாழைக்குப் பின்னால் ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அவருடையதை வாய்க்காலில் வீசியிருக்கிறார், தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டேன், கொஞ்சம் அதிகம்தான். ஆனால் என் பெரிய வாத்துகள் மேய்வது அந்த வாய்க்காலில்தானே? வாத்துக்கு இந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது, தெம்பாகத் திரிந்துகொண்டே கோழிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். இனி வாத்துக்குத் தனித் தண்ணீர், தனிக் கொட்டில். கூண்டுக்கு வெள்ளையடித்தேன். செருப்பைக் கூட வெளியே விட்டுத்தான் உள்ளே போகிறேன்.

பிப்ரவரி 11
பிப்ரவரியில் வழக்கமாக நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் ஊருக்கு வந்தது, இலவசம். நவம்பரில் வராத வீடெல்லாம் இன்று கூடையோடு வரிசையில். எட்டு வாரம் தாண்டிய இளசுகளைக் கொண்டுபோனேன், சிவப்பியின் மகளைத் தவிர. அதுவும் முருங்கையில் ஏற ஆரம்பித்துவிட்டது. முகாம் நாளைக்கும் உண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு ஏணி போட்டு, டார்ச்சை அத்தை கையில் கொடுத்து ஏறினேன். இப்போது பஞ்சாரத்துக்குள் கத்திக்கொண்டிருக்கிறது.