அப்பாவின் லென்ஸுக்காக ஒரு பழைய டி700

2008-ல் வெளிவந்த நிகான் டி700 கேமராவை இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? மூன்று மாதமாக இதே யோசனைதான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஆசை வந்தது அப்பாவின் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸால். ஃபிலிம் காலத்தில் அவர் எஃப்80 கேமராவில் போட்டு எடுத்தது. இப்போது நான் வைத்திருக்கும் நிகான் டி3400 கேமராவில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். நிற்காமல் ஓடுகிற என் மகளை அப்படி எடுக்க முடியவில்லை. சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும். எங்கள் வீட்டு ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டு பேருக்கு மேல் படத்தில் அடங்க மாட்டார்கள். டி700 ஃபுல் ஃப்ரேம், அதாவது சென்சார் ஃபிலிம் அளவுக்குப் பெரியது, மோட்டாரும் பாடியிலேயே உண்டு. லென்ஸ் மாட்டுகிற இடத்தின் ஓரத்தில் குட்டி ஸ்க்ரூடிரைவர் நுனி போல ஒன்று எட்டிப் பார்க்கும். அது சுழன்றுதான் லென்ஸை நகர்த்துகிறது.

முதலில் திருச்சியில் ஒரு கடையில் பார்த்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கார்டைப் போடுவதற்கு முன் போன் டார்ச்சை ஸ்லாட்டுக்குள் அடித்துப் பார்த்தேன். சி.எஃப். என்கிற பழைய வகை மெமரி கார்டுக்கு உள்ளே முடி போல மெல்லிய பின்கள், வரிசைக்கு 25 வீதம் இரண்டு வரிசை. அதில் ஒன்று மட்டும் பக்கத்துப் பின் மேல் சாய்ந்து கிடந்தது. யாரோ கார்டைக் கோணலாகத் திணித்திருக்க வேண்டும். டி700-இல் ஒரே ஒரு ஸ்லாட்தான், அது போனால் படம் எடுக்கவே முடியாது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது, கல்யாணப் போட்டோ எடுக்கும் ஒரு அண்ணனிடம் இருந்தது. “வீடியோ இல்லாத கேமராவ வெச்சு இப்போ கல்யாணம் எடுக்க முடியாது தம்பி. ரெண்டு நாள் கொண்டுபோய் எடுத்துப் பாருங்க, பிடிச்சா பேசிக்கலாம்” என்றார். இந்த இரண்டு நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வீட்டுக்கு வந்து ஒரு படம் எடுத்து லேப்டாப்பில் எக்ஸிஃப்டூல் என்ற, படத்தோடு பதிவாகும் விவரங்களைக் காட்டும் மென்பொருள் வழியாகப் பார்த்தேன். ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை இயங்கிய தடவை, 96,214. இந்த ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்ததாக நிகான் சொல்கிறது. அந்த எண் வந்ததும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, அதுவரை கட்டாயம் ஓடும் என்றும் இல்லை. அடுத்து லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி, எஃப் 22-இல் வெள்ளைச் சுவரை எடுத்தேன். ஆறு தூசிப் புள்ளிகள். புளோயரால் ஊதியதில் நான்கு போனது. பேட்டரி மெனுவில் அதன் வயது 0 (புதியது) முதல் 4 (ஆயுள் முடிந்தது) வரை காட்டும், இது 4. கட்டைவிரல் வைக்கும் இடத்தில் ரப்பர் வயதாகி உப்பியிருந்தது.

அப்பாவின் லென்ஸை மாட்டியதும் மேல் திரையில் எஃப்.ஈ.ஈ. என்று எச்சரிக்கை மின்னியது, ஷட்டர் விழவில்லை. மனசு திக்கென்றது. பக்கத்தில் இருந்த அப்பா ஒன்றும் பேசாமல் கேமராவை வாங்கி, லென்ஸ் துளையின் அளவை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பி, பக்கத்தில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளினார். “எஃப்80-லயும் இதே கதைதான்டா, வளையம் 22-ல இருக்கணும்” என்றார். அதற்குப் பிறகு கிர்ரென்று ஃபோகஸ் ஓடியது.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு காந்தி மார்க்கெட். வெங்காய மூட்டை இறக்குபவர்களை பல்பு வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200, எஃப் 2 வைத்து எடுத்தேன். டி3400-இலும் அதே காட்சிகள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது டி700-இல் முகங்கள் சுத்தமாக இருந்தன. நாய்ஸ் எனும் புள்ளித் துகள்கள் இருந்தாலும் ஃபிலிம் குருணை போலப் பொடியாக, கண்ணை உறுத்தாமல் இருந்தது. ஆனால் வெயில் வந்த பிறகு எடுத்த படங்களில் இருண்ட நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கிப் பார்த்தால் டி3400 தெளிவாக முந்துகிறது. அந்த விஷயத்தில் புதிய சென்சார் புதிய சென்சார்தான். பாடி மட்டும் 995 கிராம், இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலி எடுத்துவிட்டது.

12 மெகாபிக்சல் போதுமா என்பதுதான் என் பெரிய பயம். திரையில் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, மூட்டை சுமக்கும் ஒருவரின் படத்தை லேபில் 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். 4256 பிக்சல் 18 அங்குலத்தில் பரவினால் அங்குலத்துக்கு 236 வருகிறது. கையில் பிடித்துப் பார்த்தேன். சாக்கின் சணல் இழை தனித்தனியாகத் தெரிந்தது, புருவத்தில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகுகூடத் தெரிந்தது. இதைவிடப் பெரிய பிரிண்ட் நான் போடப்போவதில்லை.

அண்ணன் 26,000 சொன்னார். பேட்டரியையும் ரப்பரையும் காட்டிப் பேசி 22,500-க்கு முடித்தோம். புது பேட்டரிக்கும் சி.எஃப். கார்டு ரீடருக்கும் தனியாகச் செலவு இருக்கிறது.

இன்று காலை வரை கவுண்ட் 96,871. எஃப் 1.8-இல் ஃபோகஸ் கண்ணில் விழாமல் கொஞ்சம் பின்னால் காதில் விழுகிறது. மெனுவில் ஃபோகஸ் ஃபைன் டியூனை மைனஸ் 6 வைத்தேன், இப்போது இமை முடி கூர்மையாக வருகிறது. இரண்டு மீட்டரில் சரியாக இருக்கிறது, ஐந்து மீட்டரில் இன்னும் பார்க்கவில்லை. நாளை மொட்டைமாடியில் மகளை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்.