சுகப்பிரசவமா, சிசேரியனா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து நியூ ஜெர்சி வந்த முதல் வருஷம் என்னைப் படுத்தியது பனியும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கருத்தடை மாத்திரைதான். மகனுக்கு இரண்டு வயசு, அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் என்றிருந்தோம். ஊரில் காப்பர் டி போட்டு, மாசத்தில் பத்து நாள் உதிரப்போக்கில் கிடந்து, அதை எடுத்தாயிற்று. இங்கே வந்து மாத்திரை போட்டால், கண்ணில் மின்னல் வெட்டிக்கொண்டு ஒற்றைத் தலைவலி. கிளினிக்கில் சொன்னதுமே நர்ஸம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்படி மின்னலோடு வலி வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் உள்ள மாத்திரை ஆகாதாம், பக்கவாத ஆபத்து உண்டாம். ஹார்மோனும் கூடாது, உடம்புக்குள்ளேயே கிடக்கவும் கூடாது என்றேன். அப்போதுதான் அந்தத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

செர்விகல் கேப். கருப்பை வாயின் மேல் கவிழ்த்து வைக்கிற சிலிக்கான் தொப்பி. உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். நுங்குச் சுளையைப் பாதியாய் வெட்டி உள்ளே வழித்தெடுத்த மாதிரி வழுவழுப்பு. சுற்றிலும் ஒரு மடல், இழுத்தெடுக்க ஒரு வார். 22, 26, 30 மில்லிமீட்டர் என்று மூன்று அளவு. எப்படி அளவெடுப்பாரோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் கேள்விதான் கேட்டார்: "சுகப்பிரசவமா, சிசேரியனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்கிய அன்றைக்கு, எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி. சிசேரியன் என்றதும் ஒவ்வொருத்தியும் ஒரு "ச்சு" கொட்டிவிட்டுப் போனாள். இங்கே அதற்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. கர்ப்பமே ஆகாதவளுக்கு 22, கர்ப்பமாகியும் சுகப்பிரசவம் ஆகாதவளுக்கு 26, சுகப்பிரசவம் ஆனவளுக்கு 30. எனக்கு 26.

ஒளிக்காமலும் சொன்னார். வருஷத்தில், பிள்ளை பெறாதவர்கள் 100 பேரில் சுமார் 14 பேருக்கு இதையும் மீறித் தரிக்கும், பெற்றவர்களில் 29 பேருக்கு. இரண்டாவது வந்தால் வரட்டும் என்கிற தைரியம் எங்களுக்கு இருந்ததால் வாங்கினேன். தரிக்கவே கூடாது என்று இருப்பவளுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

விந்துக்கொல்லி ஜெல் தடவித்தான் வைக்கவேண்டும். உறவுக்குப் பின் 6 மணி நேரம் எடுக்கக்கூடாது, மொத்தம் 48 மணி நேரத்துக்கு மேல் விடவும் கூடாது. மாதவிலக்கு நாளில் தொடவே கூடாது. இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இடம் கண்டுபிடிப்பதுதான் பாடு. மூக்கு நுனியைத் தொட்ட மாதிரி இருக்கும் என்றார்கள். முப்பத்தொரு வயசில், ஒரு பிள்ளைக்குப் பிறகு, என் கருப்பை வாயை முதல்முதலாக நான் தொட்டேன். மூக்கு நுனியேதான்.

முதல் தடவை எடுக்க வரவில்லை. வார் விரலில் சிக்காமல் வழுக்குகிறது, வெளியே மகன் கதவைத் தட்டுகிறான், எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் கொடுத்த தாளைப் பார்த்தேன்: குந்தி உட்காரவும், படத்தோடு. தாமிரபரணிப் படித்துறையில் குந்தியே துணி துவைத்தவளுக்குப் படம் வேறு! குந்தி, லேசாக முக்கி, தொப்பியின் உச்சியை ஒரு அமுக்கு அமுக்கினதும் பிடி விட்டுவிட்டது.

மறுவருஷம் ஆனித் தேருக்குத் திருநெல்வேலி போயிருந்தோம். கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தது அத்தை கண்ணில் பட்டுவிட்டது.

"ஏளா, பால்புட்டி ரப்பரை இப்படியா போட்டு வைப்பா?"

பால்புட்டி இல்லை அத்தே என்று மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம் மவன் பொறந்த எட்டாம் நாளு, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி அனுப்பிட்டாவ. ஒங்க மாமா கையெழுத்துப் போட்டாவ. இதெல்லாம் யாரு சொன்னா."

உள்ளே போய்க் காலியான சந்தனச் சம்படம் ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள்.

"இதுல போட்டு மூடி வைளா. பல்லி ஓடுத ஜன்னலு."