பாலைவனத்தில் ஒரு முற்றம்

கனடாவின் கல்கரி நகரில் நவம்பர் பிறந்துவிட்டால் வயதானவர்களின் உலகம் நாலு சுவருக்குள் ஒடுங்கிவிடுகிறது. வாசற்படியில் பனி இறுகிக் கிடக்கும். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்ற பயத்தில் யாரும் காலை வெளியே வைப்பதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் பகல் எட்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்தவள். அந்த மாதங்களில் ஆட்கள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. பேரப்பிள்ளைகளை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பும்வரை அம்மம்மாவும் தாத்தாவும் வேண்டும். பிறகு நிலக்கீழ் அறை, தொலைக்காட்சி, மருந்துப் பெட்டி.

அப்படி ஒரு முதுமை எங்களுக்கு வேண்டாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். அவர் நகர பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு போல வாழக்கூடிய பழைய ட்ரெய்லர் ஒன்றையும் அதை இழுக்கும் பிக்கப் டிரக் ஒன்றையும் வாங்கினோம். குளிர்காலங்களில் அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், குவார்ட்ஸைட் என்ற சிற்றூரை அடுத்த பாலைவனத்தில் தங்குகிறோம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலர் பணக்காரப் பொழுதுபோக்கு என்கிறார்கள். வேறு சிலர், வீடு வாசல் இல்லாதவர்களைப் போல வண்டியில் கிடப்பதா என்று முகம் சுளிக்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

குவார்ட்ஸைட்டில் நிலையாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர். குளிர்காலத்தில் வந்துபோகிறவர்களோ இலட்சக்கணக்கில். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பரந்த வெளி, அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்குச் சொந்தமானது. அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க ஒரே அனுமதிச் சீட்டு போதும். நாங்கள் முதன்முதலாக வாங்கியபோது அதன் விலை 180 டாலர். அந்தப் பணத்துக்கு மின்சாரம் கிடையாது, குழாய் இணைப்பு கிடையாது. குடிநீர் பிடிக்க ஓரிடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓரிடம், குப்பை போட ஓரிடம். மற்றபடி கல்லும் முள்ளும் வானமும்தான். குறுகிய காலம் தங்குபவர்களுக்கு அந்தச் சீட்டும் வேண்டாம். ஊரைச் சுற்றியுள்ள வேறு அரசு நிலங்களில் 14 நாள்வரை இலவசமாகவே இருக்கலாம்.

நீண்டகாலம் தங்குவோருக்கான இந்த ஏற்பாடு தொடங்கிய ஆண்டு 1983. அந்த ஆண்டு ஆடி மாதத்தில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, நான் கொழும்பிலிருந்து தப்பி, இரத்மலானை விமான நிலையத்தில் அகதியாகக் கிடந்து, கப்பலில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தேன். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை மறக்கவில்லை. அந்த நினைவோடு ஏன் மறுபடியும் இப்படி ஓர் இடத்துக்குப் போகிறாய் என்று என் தங்கை கேட்டாள். அன்று துரத்தினார்கள். இன்று வண்டியின் திறப்பு என் கையில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் நாளைக்கே புறப்பட்டுவிடலாம். இந்த ஒரு வேறுபாடு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கல்கரியிலிருந்து பாதை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். கூட்ஸ் (Coutts) என்ற ஊரில் அமெரிக்க எல்லையைத் தாண்டி மொன்டானா, ஐடஹோ, யூட்டா வழியாக 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் லாஸ் வேகாஸ் வரை, அங்கிருந்து தெற்கே. மொன்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் இடையில் மொனைடா கணவாய் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பனி கனக்குமுன் கடந்துவிட வேண்டும் என்பதால் அக்டோபர் கடைசியிலேயே கிளம்பிவிடுவோம். ட்ரெய்லரின் குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்க இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். லாஸ் வேகாஸ் தாண்டிய பிறகுதான் அதைக் கழுவிவிட்டுத் தண்ணீர் நிரப்புகிறோம். அதுவரை போத்தல் தண்ணீரில்தான் தேநீரும் முகம் கழுவலும்.

இங்கே வாழ்க்கை என்றால் தண்ணீர்க் கணக்குத்தான். எங்கள் தொட்டி 150 லீட்டர் கொள்ளும். யாழ்ப்பாணத்தில் ஆறில்லை, கிணற்றை நம்பி வாழ்ந்தவர்கள் நாங்கள். அரிசி களைந்த தண்ணீரில் முதல் தடவை பாத்திரம் அலம்புவது அம்மாவிடம் பார்த்தது. கனடாவில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிய கை, இங்கே வந்ததும் தானாக அந்தப் பழக்கத்துக்குத் திரும்பியது. அம்மா கழுவிய தண்ணீரை வாழைக்கு விடுவாள். இங்கே ஒரு சொட்டுக் கழிவுநீரும் நிலத்தில் விழக்கூடாது. எல்லாம் அடித்தொட்டிக்கே போக வேண்டும். அந்த விதியை நான் மனமார ஏற்கிறேன். இத்தனை ஆயிரம் பேரும் நினைத்த இடத்தில் ஊற்றினால் இந்த மண் என்னவாகும்?

சமையலும் சூரியனைப் பார்த்துத்தான். வெயில் தாழ்வாக அடிப்பதால் சூரியத் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்துகிறார் கணவர். மின்கலம் நிரம்பும் நண்பகலில்தான் மிக்ஸிக்கு அனுமதி. தோசைக்கு அரைத்த மாவு இரவுக் குளிரில் புளிக்காது. வெப்பம் ஐந்து பாகைக்கு இறங்கிவிடும். பகலில் டிரக்கின் முன் கண்ணாடிக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டால் மாலைக்குள் பொங்கி நிற்கும். புட்டு இந்த இடத்துக்கென்றே பிறந்த சாப்பாடு. ஒரு குவளைத் தண்ணீரின் ஆவியில் இருவருக்கும் காலைப் பசி ஆறிவிடும்.

ஆனால் என்னை ஒவ்வோர் ஆண்டும் இங்கே இழுப்பது அயல்தான். கல்கரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தெருவில் இருந்தும் பக்கத்து வீட்டாருடன் கையசைப்போடு சரி. இங்கே வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்கு அணை வைக்குமுன் நாலு பேர் வந்துவிடுகிறார்கள். சஸ்கச்சுவானில் கோதுமை விளைவித்தவர், மினசோட்டாவில் மின் வேலை செய்தவர், மொன்டானாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எல்லோருக்கும் எங்கள் வயது, எங்கள் முழங்கால் வலி. மினசோட்டாக்காரர் இரண்டு முழு நாள் தரையில் குந்தியிருந்து என் கணவருக்குத் தகடுகளின் வயரிங்கைக் கற்றுக்கொடுத்தார். காசு கொடுக்கப்போனால் கோபித்தார். உளுந்து வடை கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். எலி வயரைக் கடிக்காமல் இருக்க இரவில் டிரக்கின் முன்மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னதும் அவர்தான். இருட்டும் மறைவும் இல்லாவிட்டால் எலி கூடு கட்டாதாம். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நெருப்பைச் சுற்றி உட்காருவோம். நவம்பரில் வந்து இறங்கியதும் யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்றுதான் கண் முதலில் தேடும். மொன்டானா ஆசிரியை போன வருடம் தனியாக வந்தார். அன்று மாலை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் வராத அவருடைய கணவருக்குமாக இரண்டு நாற்காலிகளை நாங்களே விரித்து வைத்தோம்.

தைப்பொங்கலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்கரியில் பொங்கல் மின் அடுப்பில்தான்; ஒருவர் பானையைப் பார்க்க, இன்னொருவர் புகை அபாய மணியின் கீழ் துவாயை வீசிக்கொண்டு நிற்பார். இங்கே எனக்கு முற்றம் கிடைத்தது. பாலைவனத் தரை கரும்பழுப்புக் கற்கள் நெருக்கமாகப் படிந்து இறுகியது. அதில் அரிசி மாவுக் கோலம் பளிச்சென்று தெரியும். மூன்று கல் வைத்து, குவார்ட்ஸைட்டில் வாங்கிய விறகை மூட்டினோம். சூரியன் ஏழே முக்கால் அளவில் கிழக்கே ப்ளொமோசா மலைக்கு மேலே வரும்போது பால் பொங்கியது. "நீர் அரிசியைப் போடும், நான் நெருப்பைப் பார்க்கிறேன்" என்று கணவர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். ஊரில் அவருடைய அப்பா அப்படித்தான் ஊதுவார். சஸ்கச்சுவான் விவசாயிக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறுவடைக்குச் சூரியனுக்கு நன்றி என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது என்று பிறகு விசாரித்தார்.

தெற்கே கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் பாம் கேன்யன் என்றொரு மலையிடுக்கு உண்டு. கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் கல்லில் ஏறினால், செங்குத்தான பாறை வெடிப்பில் விசிறி ஓலைப் பனைகள் நிற்பதைக் காணலாம். யாரும் நட்டவையல்ல, ஈரமான பழைய காலத்தின் மிச்சம் என்று சொல்கிறார்கள். வாஷிங்டோனியா என்பது பெயர். பனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓலையை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. விளிம்பில் வெள்ளை நூல்கள் தொங்குவதுதான் புதிது. இன்னொன்றும் புதிது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இந்த மரத்தில் காவோலை விழுவதேயில்லை. காய்ந்த ஓலைகள் மடிந்து மரத்தைப் போர்த்தியபடி கிடக்கின்றன. அதற்குள் பறவைகளும் வௌவால்களும் குடியிருக்கின்றன. அன்று நெடுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

குவார்ட்ஸைட் மயானத்தில் இன்னொரு புலம்பெயர்ந்தவர் உறங்குகிறார். ஓட்டோமான் பேரரசிலிருந்து 1856இல் அமெரிக்க இராணுவத்தின் ஒட்டகங்களோடு வந்த ஹாஜி அலி. அவர் பெயரை ஹை ஜாலி என்று ஆக்கிவிட்டார்கள். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. 1902இல் இங்கேயே இறந்தார். கற்களால் கட்டிய கூர்ங்கோபுரமும் உச்சியில் ஒட்டகமுமாக அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மயானத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு வருவேன்.

இனிக் கடினமானவை. பயண மருத்துவக் காப்புறுதிதான் எங்கள் பெரிய செலவு. நிலத்துக்கும் எரிவாயுவுக்கும் கொடுப்பதைவிட அது பல மடங்கு. மருந்தின் அளவு மாறி சில மாதங்கள் ஆகாவிட்டால் அந்த நோய்க்குக் காப்புறுதி செல்லாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. கையெழுத்துப் போடுமுன் வரிவரியாக வாசிக்க வேண்டும். கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தின் மருத்துவ அட்டை நிலைக்க ஆண்டில் 183 நாள் மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும். இன்னொரு மாகாணமான ஒன்ராறியோவில் அது 153. அமெரிக்க வரித்துறை இந்த ஆண்டு தங்கிய நாள்களோடு சென்ற ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு முந்திய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டிப் பார்க்கும். 183ஐத் தொட்டால், வரிக்கு அமெரிக்கவாசியாகக் கணக்கிடாதிருக்க, கனடாவோடுதான் எங்களுக்கு நெருங்கிய பிணைப்பு என்று 8840 படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு வடக்கே பார்க்கர் வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஓட வேண்டும். இதயநோயோ சிறுநீரகச் சுத்திகரிப்போ உள்ளவர்களிடம் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மகள் முதலில் அழுதாள். இப்போது தை மாதத்தில் விமானத்தில் வந்து இறங்குகிறாள், பிள்ளைகளோடு.

இந்தக் குளிருக்கு ஒன்ராறியோவின் ஸ்காபரோவிலிருந்து அக்காவும் அத்தானும் ஃபீனிக்ஸ் வரை விமானத்தில் வருகிறார்கள். பக்கத்தில் சிறிய ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டோம். தடித்த கம்பளிச் சட்டை, கைமின்விளக்கு, பாதத்தை மூடும் சப்பாத்து, ஆறு மாத மருந்து, மருந்துச் சீட்டின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அரிசி மாவும் மிளகாய்த் தூளும் என்னிடம் இருக்கின்றன. அக்காவுக்கு ஒரே ஒரு கவலை: விடிய எழும்பித் தலைமுழுக முடியுமா? முடியாது அக்கா, தண்ணீர் நிரப்பிய கறுப்புப் பையை வெயிலில் தொங்கவிட்டால் பிற்பகல் இரண்டு மணிக்குச் சூடாக வரும், வெள்ளிக்கிழமை முழுக்கை அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.