பாளையங்கோட்டையிலிருந்து ஜோங்காவையும் ஒரோமோவையும் பார்த்தால்

பூட்டானின் ஜோங்காவுக்கும் எத்தியோப்பியாவின் ஒரோமோவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று திபெத்திய மொழிக்கூட்டம், இன்னொன்று சோமாலிக்குப் பங்காளி. எங்கள் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856ல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் மொழிகளுக்கு நடுவே இருக்கிற சொந்தத்தைத் தேடியது. நான் பார்க்க நினைப்பது வேறு. பேசுகிற வாய்க்கும் எழுதுகிற கைக்கும் நடுவில் இந்த இரண்டு மொழிகளுக்கும் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரோமோவைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் 3 கோடிக்கும் மேல். ஜோங்காவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2 லட்சம்கூட இருக்க மாட்டார்கள் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள், திருநெல்வேலி மாநகராட்சிக்குள்ளேயே அதைவிட ஜனம் உண்டு. ஆனால் 1971லேயே தேசிய மொழி என்ற பட்டம் கிடைத்தது ஜோங்காவுக்குத்தான். கோடிக்கணக்கான ஒரோமோக்களுக்கு, ஹைலே செலாசி மன்னர் காலத்தில், பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் அச்சிலும் சொந்த மொழிக்கு இடமே இல்லை, எல்லாம் அம்ஹாரிக் மொழிதான். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்படியும் அவர்கள் விடவில்லை. ஆஸ்தர் கன்னோ என்ற பெண், சின்ன வயதில் அடிமையாகப் பிடிபட்டு மீட்கப்பட்டவர், செங்கடல் கரைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் படித்தவர். தன் ஜனங்களின் பாட்டு, பழமொழி, விடுகதை எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார், அவை 1894ல் ஒரோமோ வாசகப் புத்தகத்தில் அச்சேறின. அவரும் மொழிபெயர்ப்பாளர் ஒனேசிமோஸ் நெசிப்பும் சேர்ந்து செய்த ஒரோமோ பைபிள் 1899ல் வந்தது. அப்புறம் ஷேக் பக்ரி சபாலோ என்ற கவிஞர் 1956ல் ஒரோமோவுக்கென்றே புதிதாக ஒரு எழுத்துமுறையை உண்டாக்கினார், அரசாங்கம் அதைப் பரவ விடவில்லை. கடைசியில் 1991ல் ஆட்சி மாறியதும் அடிஸ் அபாபாவில் கூடிப் பேசி, லத்தீன் எழுத்தில் அமைந்த ‘குபே’யை எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் லத்தீன்? அரசியல் காரணமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மொழிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது, அது தமிழனுக்குச் சட்டென்று புரியும். ஒரோமோவில் ஐந்து குறில், ஐந்து நெடில். பல், பால் மாதிரி நீளம் மாறினால் பொருள் மாறிவிடும்: ‘லஃப’ என்றால் தரை, ‘லாஃபா’ என்றால் மென்மை. புளி, புள்ளி மாதிரி மெய்யை அழுத்தினாலும் பொருள் மாறும். அம்ஹாரிக் எழுதுகிற எத்தியோப்பிய எழுத்தில் உயிர் வரிசை ஏழுதான், மெய் இரட்டிப்பதைக் காட்ட வழக்கமான குறி இல்லை. குபேயில் நெடில் என்றால் உயிரை இரண்டு தரம் எழுது, அழுத்தம் என்றால் மெய்யை இரண்டு தரம் எழுது, முடிந்தது. சொற்கள் நீண்டுபோகும் என்பது உண்மைதான், ஆனால் முதல் வகுப்புப் பிள்ளை திணறாது. நம்மிடமும் ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காததால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலக் கிடந்த காலம் உண்டு, காமநாயக்கன்பட்டியில் இருந்து பணி செய்த வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துப் போட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. எழுத்து ஒலிக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்ற அக்கறை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

ஜோங்கா இதற்கு நேர் எதிர். அவர்கள் எழுதுவது திபெத்திய எழுத்து, பௌத்த நூல்களின் பழைய எழுத்துக்கூட்டல் அப்படியே நிற்கிறது. எட்டு என்ற எண்ணைச் சொல்லும்போது ‘கே’ என்கிற மாதிரி ஒரே அசைதான் காதில் விழும். எழுதினால் ப, ர, க, ய, த என்று ஐந்து மெய்கள், சில முன்னால், சில ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி. மேற்கு பூட்டான் பிள்ளைக்கே இது பாரம். கிழக்கே வீட்டில் ட்ஷாங்லா பேசி வளர்கிற பிள்ளைக்கு மொழியும் புதிது, எழுத்துக்கூட்டலும் மலை. போதாததற்கு அங்கே பள்ளியில் மற்ற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஜோங்கா ஒரு பாடம் மட்டும்தான். எங்கள் தெருவிலும் அதே கதை: “அவ்வொ வந்துருக்காவ” என்று அழகாகப் பேசுகிற பிள்ளைக்கு “வந்திருக்கிறார்கள்” என்று எழுத வரவில்லை, பள்ளியில் தமிழ் ஒரு பீரியட்தான்.

ஆனால் அந்தப் பழைய கூட்டலைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். பல நூற்றாண்டு நூல்களுக்கு அதுதான் வாசல். நாமும் நெல்லை பேச்சை நெல்லை பேச்சாகவே எழுதிக்கொண்டிருந்தால் கோயம்புத்தூர்க்காரர் படிக்க முடியுமா?

ஜோங்காவில் என்னை மயக்கியது இலக்கணம். நீங்கள் நன்கு அறிந்த ஒன்றைச் சொல்லும்போது ‘இங்’ என்று முடிக்க வேண்டும், இப்போதுதான் தெரிந்துகொண்டதென்றால் ‘இம்மே’ என்று முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி “அவ மவ வந்துருக்காளாம்லா” என்று சொல்லும்போது அந்த ‘ஆம்’ கேள்விப்பட்டதற்கு மட்டும்தான். ஜோங்காவில் உங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தாலும் அது புதிதாகத் தெரிந்த செய்தி என்றால் வினை மாறும். அறிவு பழசா புதுசா என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பேசுகிற ஜனத்தை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

இரண்டிலுமே வினை கடைசியில் வரும், அதனால் வாக்கியம் அமைக்கத் தமிழர் சிரமப்பட மாட்டோம். கூகிள் மொழிபெயர்ப்பில் ஒரோமோ 2022லும் ஜோங்கா 2024லும் சேர்ந்துவிட்டன, ஆரம்பிக்க ஏதோ ஒரு பிடி கிடைக்கும். படிக்க ஆசை வந்தால் முதலில் ஒரோமோவை எடுங்கள். குறில் நெடில் பழகின நாக்குக்கு வாசிக்கச் சீக்கிரம் வந்துவிடும். தொண்டையை அடைத்து வெடிக்கிற சில மெய்கள் மட்டும் படுத்தும், அதற்கு யாராவது பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகணும்.