விளக்கைக் கண்ணாக்கியவர்

அமெரிக்க எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்றதும் பலருக்கும் அவர் கையால் எழுதிய எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்கள்தான் நினைவுக்கு வரும். 1983ல் ரேடியோ ஷேக் கடைகளுக்காக எழுதிய தொடக்க நூலின் 128 பக்கங்களையும் ஏறக்குறைய முழுவதும் கையாலேயே எழுதி வரைந்தார். இன்னும் சிலர் வீட்டுக் கணினிகளுக்கு முன்னோடியான ஆல்டேர் கணினியைச் சொல்வார்கள். 1969ல் எட் ராபர்ட்ஸோடு, அதைப் பின்னர் தயாரித்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1975ல் ஆல்டேர் வந்தபோது அவர் அங்கே இல்லை, ஆனால் அதன் கையேட்டை எழுதிக் கொடுத்தார். கூலியாக ஒரு ஆல்டேர். இத்தனைக்கும் கல்லூரியில் படித்தது அரசியல்.

மொரீசியஸில் இருக்கும் நமக்கு இவற்றைவிட உதவுவது அவருடைய சூரிய ஒளிமானி: காற்றிலுள்ள தூசியும் புகையும் வெயிலை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கும் கருவி. ஒளி தரும் எல்.இ.டி. ஒளி பட்டால் மின்சாரமும் தரும், அதுவும் ஒரு குறுகிய நிறப்பட்டைக்கு மட்டும். விலை கூடிய ஒளி வடிகட்டி வேண்டாம் என்று 1992ல் ஆய்விதழில் எழுதினார். வடிகட்டிகள் ஈரத்தில் கெடும். நம் கியூர்பிப் ஊரின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்.இ.டி.யோ எப்பாக்ஸிப் பிசினுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பழைய வகை மஞ்சள்-பச்சை எல்.இ.டி. ஒன்று எடுங்கள். அது 565 நானோமீட்டரில் ஒளிரும், 525 அருகே ஒளியை உணரும். பெரும்பாலும் தான் உமிழ்வதைவிடக் குறைந்த அலைநீளத்தைத்தான் பார்க்கும். வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், பாஸ்பர் பூச்சு கணக்கைக் குழப்பும். குவிந்த தலையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் போலக் குவித்து, கை சற்று அசைந்தாலும் அளவு குதிக்கும்.

எல்.இ.டி. தரும் சிறு மின்னோட்டத்தைப் பெருக்க ஒரு சில்லு (ஆப்-ஆம்ப்) வேண்டும்: டி.எல்.சி.271. எல்.இ.டி.யின் குட்டைக் கால் (கேத்தோடு) சில்லின் 2ஆம் காலுக்கு, நீளக் கால் தரைக்கு (பேட்டரியின் எதிர்முனை). 3, 4, 8 மூன்றும் தரைக்கு. 7க்கு 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனை. 2க்கும் 6க்கும் இடையே ரெசிஸ்டர், அதற்கு இணையாக 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வீட்டு 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது அடக்கும். ரெசிஸ்டரை 1 மெகா ஓமில் தொடங்கி, தெளிந்த நண்பகல் வெயிலில் 6ஆம் காலில் 2 முதல் 3 வோல்ட் வரும்வரை கூட்டிக் குறையுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய 741 ஆப்-ஆம்பைப் போட்டால் ஓடாது: அதன் உள்ளீடே பத்துக்கணக்கான நானோ ஆம்பியர் குடித்துவிடும், ஒற்றை பேட்டரியில் வெளியீடு சுழியத்துக்கும் இறங்காது. எல்.எம்.358 சுழியம் வரை இறங்கும், ஆனால் உள்ளீட்டுக் குறை அதிலும் உண்டு.

பெட்டியின் முன்சுவரில் 5 மி.மீ. துளை, அதிலிருந்து 12 செ.மீ. பின்னால் எல்.இ.டி. பார்வை சுமார் 2.4 பாகைக்குள் நிற்கும். துளை பெரிதானால் சூரியனைச் சுற்றியுள்ள வெளிச்சமும் உள்ளே வந்து, மங்கலான வானத்தைத் தெளிவாகக் காட்டும். பக்கத்தில் இன்னொரு சிறு ஊசித்துளை போட்டு, அதன் ஒளிப்புள்ளி பின்சுவரின் குறியில் விழும்படி குறிபாருங்கள். கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு அளக்காதீர்கள், எல்.இ.டி. சூடானால் அளவு மாறும். துளையை மூடி வரும் இருட்டு வோல்டேஜை ஒவ்வொரு முறையும் கழியுங்கள்.

பலர் சோம்பல்படும் இடம் அளவுத்திருத்தம். காற்றே இல்லாவிட்டால் எவ்வளவு வரும் என்ற V0 தெரியாமல் மற்ற எண்களுக்குப் பொருளில்லை. மிம்ஸ் இதற்காகவே 1992 முதல் ஹவாயின் மௌனா லோவா மலைக்கு, ஏறத்தாழ 3400 மீட்டர் உயரத்துக்கு, போய்வந்தார். நம் ஊரின் உச்சி 828 மீட்டர்தான், மேகமும் விடாது. ரீயூனியனுக்குப் போகும்போது கருவியைப் பையில் வையுங்கள். அங்கே மாய்டோ மலையில் 2160 மீட்டரில் வளிமண்டல ஆய்வகமே இருக்கிறது, அந்த உயரம் போதும். மேகம் ஏறுமுன், சூரியன் 12 பாகையிலிருந்து 30 பாகை ஏறும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளங்கள். ஒளி கடக்கும் காற்றுத் தடிமன் m (சூரியன் உச்சியில் இருந்தால் 1) அப்போது ஏறக்குறைய 5லிருந்து 2க்கு இறங்கும். m-க்கு எதிராக, இருட்டு கழித்த வோல்டேஜ் V-யின் இயல் மடக்கையான ln V-ஐக் கோடிட்டு, கோட்டை m = 0 வரை நீட்டினால் கிடைப்பது ln V0. புள்ளிகள் வளைந்தால் அந்தக் காலை நேர அளவுகளைத் தூக்கி எறியுங்கள், கண்ணுக்குத் தெரியாத மேகம் கடந்திருக்கும்.

m கண்டுபிடிக்க ஒரு மீட்டர் குச்சி போதும். நிழல் 58 செ.மீ. என்றால் நிழல் நுனிக்கும் குச்சி உச்சிக்கும் உள்ள தூரம் 1.16 மீட்டர், அதுவே m. V0 3 வோல்ட், இப்போது 2.2 என்று வைத்துக்கொள்வோம்: ln(3/2.2) = 0.31, 1.16ஆல் வகுத்தால் 0.27. சுத்தக் காற்றின் பங்காகக் கடல்மட்டத்தில் 0.12ஐக் கழித்தால் 0.15. அதுதான் உப்பு, தூசி, புகை.

கரும்பு வெட்டுக் காலத்தில், செப்டம்பர் அக்டோபரில் ஆப்பிரிக்கக் காட்டுப்புகையும் சேர்ந்துகொள்ளும்போது, இந்த எண் ஏறுவதைக் கவனியுங்கள். ஆனால் ஒற்றை நாள் எண்ணை நம்பாதீர்கள். மிம்ஸ் 1990 முதல் டெக்சஸில் விடாமல் அளந்துவந்தார். அதனால்தான் அவருடைய கையடக்க ஓசோன் கருவி நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் அளவு நழுவுவதைக் காட்டியது. 1993ல் அது நேச்சர் இதழில் வந்தது, அதே ஆண்டு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது.

நண்பகலில் அளப்பது நல்லது, m மெதுவாக மாறும். தைப்பூசம் ஒட்டிய நாட்களில் சூரியன் இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் குச்சிக்கு நிழல் ஏறக்குறைய இராது. m-ஐ 1 என்றே எழுதிக்கொள்ளலாம்.