எட்டு வயசுப் பையனுக்கு ஏடிஎச்டி மாத்திரை: நாங்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தோம்

மூத்தவனுக்கு ஏடிஎச்டிக்கு (கவனம் நிற்காமல், அளவுமீறித் துறுதுறுவென்று, பொறுக்க முடியாமல் இருக்கிற நிலை) மாத்திரை கொடுக்கிறோம் என்று சொந்தத்தில் தெரிந்ததிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இந்த வயசுல மாத்திரையா?" என்பதுதான். அவர்கள் கேட்பதற்கு ரொம்ப நாள் முன்பே நானும் என் கணவரும் இதைக் கேட்டுக் கேட்டுத் தூக்கத்தைத் தொலைத்திருந்தோம். மாத்திரையே வேண்டாம் என்று தீர்மானித்தவர்களின் மனதை மாற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அம்மாவுக்கு இது பயன்படட்டும்.

முதலில், இது ஏடிஎச்டிதான் என்பதே சரியாக முடிவாக வேண்டும். பையன் துறுதுறுவென்று இருக்கிறான், சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பது மட்டும் போதாது. வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது ஆறு மாசமாக, அவனுடைய அன்றாட வாழ்க்கையே கெடுகிற அளவுக்கு இருக்கிறதா, பன்னிரண்டு வயசுக்கு முன்பே தொடங்கியதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எங்கள் டாக்டர் குழந்தைகள் மனநல மருத்துவர். எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், வகுப்பு மிஸ்ஸுக்குத் தனியாக ஒன்று கொடுத்தார். காது, கண், தூக்கம் எல்லாம் விசாரித்தார், கற்றல் குறைபாடும் கூட இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஒரு தடவை பார்த்துவிட்டு அஞ்சு நிமிஷத்தில் யாராவது மாத்திரை எழுதிக் கொடுத்தால், வாங்காமல் இன்னொரு டாக்டரிடம் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

என் மாமியாருக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. "இவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், இப்ப நல்லா இல்லியா?" என்பார். நான் இதை டாக்டரிடம் சொன்னதும் அவர் என் கணவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டார். ஏடிஎச்டி பரம்பரையாக வருவது அதிகமாம். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வகுப்புக்கு வெளியே முட்டிபோட்ட கதை, பாதியில் விட்ட டிப்ளமோ, வருஷக்கணக்கில் இழுத்த அரியர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதில் பாதியை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று அதுவரை ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். வீடு திரும்பும்போது, "எனக்கு யாராவது அப்பவே பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அதற்காக மறுநாளே மாத்திரை வாங்கிவிடவில்லை. முதலில் பெற்றோருக்கான பயிற்சிக்குப் போனோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்வது, சொன்னதைச் செய்தவுடனே பாராட்டுவது, பெரிய ஹோம்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, வகுப்பில் முன் பெஞ்ச். பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சூழலை மாற்றிப் பார்த்த பிறகும் பாதிப்பு நீடித்தால்தான் மாத்திரை என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ல் சொன்னது கொஞ்சம் வேறு: ஆறு வயசுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோர் பயிற்சி, ஆறு வயசு ஆகிவிட்டால் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து. ஆக, பயிற்சி இல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுங்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. பயிற்சியால் வீட்டில் சண்டை குறைந்தது உண்மை. ஆனால் கணக்கு நோட்டைத் திறந்தால் முதல் இரண்டு கணக்கு சரியாக இருக்கும், மூன்றாவது பாதியில் நிற்கும், நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரயில் இன்ஜின் வரைந்திருக்கும். அந்த மூன்றாவது கணக்கும் அவனுக்குத் தெரிந்ததுதான்.

மார்க் மட்டும் பிரச்சினை என்றால் நான் மாத்திரைப் பக்கமே போயிருக்க மாட்டேன், இதை அழுத்தியே சொல்கிறேன். எங்கள் அபார்ட்மென்டில் சாயந்திரம் பசங்க கிரிக்கெட் ஆடுவார்கள். இவனால் தன் பேட்டிங் வரும்வரை பொறுக்க முடியாது, அவுட் என்றால் ஏற்க முடியாது, நடுவில் ஓடிப் போய் பந்தைப் பிடுங்கிக்கொள்வான். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து, இவன் வந்தால் நாங்கள் ஆடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தன்னுடைய புது பேட்டை அவர்களிடம் நீட்டி, "இத வச்சுக்கோங்கடா, நான் ஃபீல்டிங் மட்டும் பண்றேன்" என்று இவன் கெஞ்சுவது மூணாவது மாடி வரைக்கும் கேட்டது. மாத்திரை யாருக்காக என்ற கேள்விக்கு எனக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. மிஸ்ஸுக்கு வகுப்பு அமைதியாக வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தைக்கு மாத்திரை கொடுக்க முடியாது, ஆனால் அந்தக் குழந்தையே தினம் தினம் தோற்றுக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம்.

எங்கள் பயங்களை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனோம். அடிமையாகிவிடுவானா? மருத்துவர் மேற்பார்வையில் குழந்தைக்குரிய அளவில் வாயால் சாப்பிடும்போது அந்தப் பழக்கம் பொதுவாக வருவதில்லை என்றார், ஆனால் தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ள மருந்து என்பதால்தான் இவ்வளவு கட்டுப்பாடு, வீட்டில் பூட்டி வையுங்கள் என்றும் சேர்த்தே சொன்னார். இதயத்துக்கு? குடும்பத்தில் சின்ன வயசில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா, விளையாடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா என்று கேட்டு, நாடித்துடிப்பும் பிபியும் பார்த்த பிறகுதான் சீட்டில் கை வைத்தார். உயரம்? வளர்ச்சி கொஞ்சம் குறையலாம், அதனால் வரும்போதெல்லாம் உயரம், எடை பார்ப்போம் என்றார். பொம்மை மாதிரி ஆகிவிடுவானோ என்ற என் பெரிய பயத்துக்கு அவர் பதில்: "அப்படி ஆனா டோஸ் அதிகம்னு அர்த்தம்மா. உடனே போன் பண்ணுங்க."

நானும் ராத்திரியெல்லாம் படித்தேன். ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-ல் அமெரிக்காவில் வெளியான எம்டிஏ ஆய்வில் 579 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவிதச் சிகிச்சை என்று 14 மாசம் கவனித்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை, கவனச்சிதறல் போன்ற முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியை விட நன்றாக வேலை செய்தது. ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இல்லை. இதைப் படித்துத்தான் நான் தெளிந்தேன். ஒரு தடவை முடிவெடுத்துக் கதவை மூடுகிற விஷயம் இல்லை இது, கொடுத்துப் பார்த்து, கவனித்து, தேவைப்பட்டால் நிறுத்துகிற விஷயம்.

எழுதிக் கொடுத்தது மெத்தில்பெனிடேட். மூளையில் கவனத்துக்கு உதவுகிற டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க உதவுகிற மருந்து, 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனையில் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கிறது என்பதால் டாக்டர் சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், தனி லைசென்ஸ் இல்லாத தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்களாம், மனுஷன் முகம் சுண்டிப்போய் வந்தார். கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள், முன்னாடியே வாங்கி வையுங்கள்.

காலையில் 5 மில்லிகிராமில் ஆரம்பித்தோம், நாங்கள் கூட இருந்து பார்க்கிற மாதிரி ஒரு சனிக்கிழமையில். மிஸ்ஸிடம் முதலில் சொல்லவில்லை, தெரிந்தால் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார் என்று. கொஞ்ச நாளில் அவரே கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். அவனைக் கேட்டதற்கு, "மிஸ் பேசுறது கடைசி வரைக்கும் கேட்டுச்சும்மா" என்றான்.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. டோஸைக் கூட்டியபோது சோபாவில் நகத்தைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான், எனக்கு வயிற்றைக் கலக்கியது, போன் பண்ணியதும் டாக்டர் குறைத்துவிட்டார். மருந்தின் வேகம் தீர்கிற நேரத்தில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை. மதியம் தயிர்சாதம் அப்படியே திரும்பி வரும். அதனால் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறைய டிபன், வேனிலிருந்து இறங்கியதும் சுண்டலோ வாழைப்பழமோ, ராத்திரி ஒன்பது மணிக்குப் பசி என்பான், அப்போது இரண்டு தோசை. பிரிட்ஜில் மாவு இல்லாத நாளே கிடையாது இப்போது.

வாட்டர் பாட்டிலை இன்னமும் தொலைக்கிறான். கையெழுத்தும் அப்படியேதான் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பயிற்சி நடக்கிறது. வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம்: அவன் சேட்டை பண்ணும்போது "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்று யாரும் கேட்கக் கூடாது. மாமியார் ஒருமுறை கேட்டுவிட்டார், "அம்மா, அவன் கோபத்துக்கும் காரணம் இருக்கும், அதைக் கேளு" என்று இவர்தான் தடுத்தார். நல்ல பிள்ளையாக இருக்கத்தான் மாத்திரை என்று அவன் மனதில் பதிந்துவிட்டால், அதை நம்மால் எடுக்கவே முடியாது.

தனியார் டாக்டருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மே மாச லீவில் நிறுத்திப் பார்ப்பதா என்று இப்போது வீட்டில் பேச்சு. லீவிலாவது நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறட்டும் என்கிறார் இவர், லீவில்தான் நாள் முழுக்கப் பசங்களோடு இருப்பான் என்று நான் தயங்குகிறேன். அவனையே கேட்டோம். "லீவுல வேணாம், மேட்ச் இருந்தா மட்டும் குடுங்க" என்றான். அப்படிக் கொடுக்கலாமா என்று அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.