கத்தாத சைரன்

மெயின் கரண்டை மெஷினுக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். அதைப் பழுது பார்ப்பவனுக்கு மீட்டரைவிடக் காது முக்கியம். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் ஃபியூஸ் போயிருக்கும். 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டு அடித்தால் சப்ளைக்கு உயிர் இருக்கிறது; தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்று நின்று பார்க்கிறது. யூசி3842 என்ற கண்ட்ரோல் ஐசி போட்டவற்றில் இது நன்றாகத் தெரியும். 16 வோல்ட் சேர்ந்ததும் ஐசி எழும். வெளியே ஷார்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்றிலிருந்து அதற்குத் தீனி வராது. 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் படுத்துவிடும். கெப்பாசிட்டர் நிரம்பினால் மறுபடி எழும். அந்த எழுச்சிதான் டிக்.

மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனி. குளிர் அறை மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். வாடைக்காற்று ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் கண்ட்ரோல் பேனல் விழுந்துவிடும். காலையில் ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

"சப்ளை சரியில்லப்பா, மாத்திடு" என்றார் முதலாளி.

பேனலுக்குள் 24 வோல்ட் தரும் 5 ஆம்பியர் சப்ளையை ஏற்கெனவே யாரோ கழற்றிவிட்டு 10 ஆம்பியர் சப்ளை மாட்டியிருந்தார்கள். எனக்கு இதுதான் எரிச்சல். ஷார்ட் எங்கே என்று தேடாமல் அதற்கு இரட்டிப்புக் கரண்ட் ஊட்டுகிற வேலை.

சப்ளையைக் கடையில் வைத்து நாலு மணி நேரம் லோடு போட்டேன். கம்மென்று ஓடியது. சரி, வயரைப் பார்ப்போம் என்று கூரைமேல் ஏறினேன். கரண்டில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்குப் போகும் கேபிள், அதன் கட்டு அறுந்து தொங்கியது. காற்றில் ஆடி, துருப்பிடித்த ஆங்கிளில் உரசி, தோல் தேய்ந்து, உள்ளே செம்பு உப்பேறிப் பச்சையாக இருந்தது. காற்று பலமானால் அது ஆங்கிளைத் தொடும், சப்ளை நிற்கும், அது பிடித்துவைத்திருந்த காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் விழும். அடுத்த நொடியே சப்ளை எழுந்தாலும், ரீசெட் பட்டனை அழுத்தும்வரை காண்டாக்டர் எழாது.

கேபிளை மாற்றினேன். 5 ஆம்பியரையே திரும்ப மாட்டினேன். அதில், வோல்ட் சரியாக வருகிறதா என்று காட்ட 'டிசி ஓகே' என்று ஒரு காண்டாக்ட் உண்டு. அதுவரை யாரும் அதில் வயர் செருகியதில்லை. அதை வைத்து ஒரு சைரன் கொடுத்தேன். சோதிக்க வேண்டுமே என்று சப்ளையை அணைத்தேன். சைரன் மூச்சுவிடவில்லை. அதற்கும் அதே 24 வோல்ட்டிலிருந்துதான் லைன் எடுத்திருந்தேன்! வாட்ச்மேன் அண்ணன் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்புறம் சைரனுக்குத் தனியாக 12 வோல்ட் பேட்டரி. சப்ளை நன்றாக இருக்கும்வரை ரிலே என்ற சின்ன சுவிட்ச் பிடித்துநிற்கும், விட்டால் சைரன். ஒருமுறை விட்டுவிட்டால் ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை ஓயாது.

பத்து நாள் கழித்து ராத்திரி 2 மணிக்கு போன்.

"தம்பி, கத்துது."

போய்ப் பார்த்தால் சப்ளை நன்றாக இருக்கிறது, அறையும் குளிர்ந்திருக்கிறது. ரிலேக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. "சும்மா சும்மா கத்துனா எப்படிப்பா?" என்று முதலாளி சலித்துக்கொண்டார். வயர் அறுந்தாலும் கத்த வேண்டும் என்றுதான் அப்படிக் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தூக்கம் கெட்ட மனிதர். வயரை ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.